ஒரு பூ குறைந்த கொத்து

தேசான்கா மர்க்ஷிச் என்ற முழுப்பெயர் அவளுடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ஊரான ஸ்ரெஞானினில் எல்லோருக்கும் அவள் தேசா. எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் பாதி வரை நாட்டுக்கே தேசா. ரேடியோ இருந்த சமையலறைகளில் எல்லாம் வாரத்துக்கு இரண்டு முறையாவது "பெகேய் பாலத்தில் மழை" என்ற அவளுடைய பாட்டு ஒலித்த காலம் அது. இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் எந்தப் பாலம், என்ன மழை என்பார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன்? அவர்களுடைய பாட்டுகளில் கார் வருகிறது, கைக்கடிகாரம் வருகிறது, மழை வருவதே இல்லை.

தேசாவும் யெலிட்ஸாவும் எங்கள் ஊர்க் காலுறை ஆலையில் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் வேலை பார்த்தவர்கள். அந்த இரைச்சலில் பேசினால் கேட்காது, பாடினால் கேட்கும். அப்படித்தான் இருவருக்கும் குரல் பழகியது. தேசா மேலே ஏறுவாள், யெலிட்ஸா கீழே நின்று பிடித்துக்கொள்வாள். யெலிட்ஸாவின் இரண்டாங்குரல் இருக்கும்போது யாருக்கும் தெரியாது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று கேட்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சனிக்கிழமை மாலைகளில் பண்பாட்டு மன்றத்தின் மரத்தரையில் நடனம் நடக்கும். பின்னால் இரவல் கிடாரோடு நான்கு பையன்கள், முன்னால் ஒரே துணியில் தைத்த கவுன்களோடு இந்த இருவர். அந்தக் கவுன்களின் மஞ்சள் நிறத்தை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிற கிழவர்கள் ஊரில் உண்டு.

பிறகு கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த கோடைப் பாட்டு விழாவுக்கு இருவரும் ரயிலேறிப் போனார்கள், மூன்றாம் பரிசும் வாங்கினார்கள். விழா முடிந்ததும் பெல்கிரேடிலிருந்து வந்திருந்த இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் தேசாவைத் தனியாகக் கூப்பிட்டார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பேச்சு. உறையின் மேல் இரண்டு முகம் அச்சடித்தால் ஜனங்கள் எதைப் பார்ப்பார்கள், ஒரு குரல் ஒரு முகம் போதும் என்றார். தேசா அழுதுகொண்டே வந்து யெலிட்ஸாவிடம் சொன்னாள். அவளோ பொரித்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"போடீ, இதுக்கா அழுவற? எனக்கு மேடையில ஏறினா முட்டி நடுங்குது. பேக்கரி லாஸா மாவுக் கையோட வந்து என்னைக் கேட்டான், நான் சரின்னுட்டேன். நீ போய்ப் பாடு. என் கல்யாணத்துக்குக் கூமாவா வந்து நில்லு, எனக்கு அது போதும்."

அது பேச்சுக்குச் சொன்னதில்லை, மனதாரச் சொன்னது. கூமா என்றால் கல்யாணத்தில் பக்கத்தில் நிற்பவள். பிறக்கிற பிள்ளைக்குப் பெயர் வைப்பவளும் அவள்தான். கூடப் பிறந்தவளோடு இன்று சண்டை போட்டு நாளை சேர்ந்துகொள்ளலாம். கூமாவோடு முறிந்துபோனால் அந்த வீட்டைப் பற்றி ஊரே குரலைத் தாழ்த்தித்தான் பேசும்.

இசைத்தட்டு வந்தது. "பெகேய் பாலத்தில் மழை" பாட்டில் பல்லவி முடிகிற இடத்தில் முதல் குரல் கேள்வி கேட்கும், இரண்டாங்குரல் பதில் சொல்லும். பதில் சொல்ல ஆள் இல்லாததால் பெல்கிரேடில் அந்த இடத்தில் ஒரு சாக்ஸபோனை வைத்து நிரப்பிவிட்டார்கள். ஊரே அந்த சாக்ஸபோனில் சொக்கிப் போனது. தேசாவுக்கு மட்டும் அதைக் கேட்கும்போதெல்லாம் காலுறை ஆலை ஞாபகம் வரும். பேக்கரிக்குப் பின்னாலிருந்த சமையலறையில் யெலிட்ஸா ரேடியோவோடு சேர்ந்து பாடுவாள் என்றும், சாக்ஸபோனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தன் பதிலைத் தானே பாடிக்கொள்வாள் என்றும் லாஸா வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

அவர்களுக்குப் பெண் பிறந்தபோது தேசா மாஸ்கோ வரை போய்ப் பாடிவிட்டுத் திரும்பியிருந்தாள். கூமா வாயைத் திறந்து சொல்லும்வரை பெற்றவர்களுக்கே பிள்ளையின் பெயர் தெரியாது, அதுதான் வழக்கம். லாஸாவின் அம்மா பெர்ஸாவின் பெயரை வைப்பாள் என்று சுற்றியிருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். தேசா "இஸ்க்ரா" என்றாள். தீப்பொறி என்று அர்த்தம். எல்லோரும் பெர்ஸாவின் முகத்தைப் பார்த்தார்கள். பெர்ஸா மூக்கைச் சிந்திவிட்டு, நல்லவேளை தப்பித்தது, என் பெயரை வைத்திருந்தால் இதற்கு எவன் மாப்பிள்ளையாக வருவான் என்றாள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம் அந்த அம்மாளுக்கு.

லாஸா வீட்டு ஸ்லாவா, அதாவது குடும்பத்துப் புனிதரின் நாள், நவம்பர் பதினாறு. ஜூர்ஜிட்ஸ் நாள் என்போம். ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஒரு முறை வந்தவன் ஒவ்வொரு வருடமும் வர வேண்டியதுதான், கதவு திறந்தே இருக்கும். தேசா எங்கே பாடப் போயிருந்தாலும் அன்றைக்கு ஸ்ரெஞானினுக்கு வந்து சேர்ந்துவிடுவாள். அது கடவுளை ஒப்பாத கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட காலம். ஸ்லாவாவுக்குப் போகிறேன் என்று தொலைக்காட்சி நிலையத்தில் விடுப்பு கேட்க முடியாது, பல்வலி என்பாள். பேக்கரிக்காரன் வீட்டு ஸ்லாவா ரொட்டிக்குக் கேட்கவா வேண்டும்? பூவும் புறாவும் மாவிலேயே செய்து ஒட்டியிருப்பான். அதை லாஸா ஒரு பக்கம், கூமா தேசா மறுபக்கம் பிடித்துச் சுற்றி, ஒயின் ஊற்றி, இரண்டாகப் பிய்ப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தோழிகள் இருவரும் பாடுவார்கள். அந்த வீட்டில் மட்டும் சாக்ஸபோனுக்கு வேலை இல்லை. ஜன்னலுக்கு வெளியே தெருவே வந்து நிற்கும், பெர்ஸா அவர்களுக்கும் தட்டில் கேக் நீட்டுவாள். ஒரு பாடகிக்கு வாழ்க்கையில் கிடைத்த நல்ல மேடை எது என்று கேட்டால் தேசா அந்தச் சாப்பாட்டு மேஜையைத்தான் சொல்வாள்.

எண்பத்தைந்தாம் வருடம் ஜூர்ஜிட்ஸ் சனிக்கிழமையில் வந்தது. அன்று மாலை தொலைக்காட்சியில் நேரடி நிகழ்ச்சி. நாட்டுப்புறப் பாட்டுக்காரிகள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்து, தேசா போன்றவர்களை ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கியிருந்த நேரம். இந்த வாய்ப்பை விட்டால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் அவளுக்கு. பயத்தில் மனிதர்கள் செய்கிற எல்லாவற்றையும் அவளும் செய்தாள். ஸ்லாவாவுக்குப் போகவில்லை. முந்தைய நாள் ஒரு தொழிற்சாலை விழாவில் அவளுக்குக் கொடுத்த சிவப்பு ரோஜாக் கொத்து ஒன்று வாளித் தண்ணீரில் புத்தம் புதிதாக இருந்தது. அதோடு காபியும் ஒரு புட்டியும் வைத்து, வடக்கே போகிற வண்டியோட்டியிடம் கொடுத்து அனுப்ப எண்ணினாள். அதற்குள் அலங்காரம் செய்கிற பெண், கூந்தல் வெறிச்சென்று இருக்கிறது, ஏதாவது வேண்டுமே என்றாள். தேசா கொத்திலிருந்து ஒரு ரோஜாவை உருவிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வண்டியோட்டியின் கையில் திணித்தாள்.

உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்போம். இரட்டைப்படை கல்லறைக்கு. நடை பழகாத பிள்ளைக்குக்கூட எங்கள் பக்கத்தில் இது தெரியும். தேசாவுக்கு அது உறைத்தபோது நிகழ்ச்சி முடிந்திருந்தது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கூந்தலிலிருந்து ரோஜாவை எடுத்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஸ்லாவா நாளில், திறந்த கதவு வழியாக, பிணத்துக்குரிய பூவைக் கூமா அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். லாஸாதான் எடுத்தான். கடையில் கூட்டமாக இருக்கிறது என்று வைத்துவிட்டான். அதற்கடுத்த நாளும் கூட்டமாகவே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெர்ஸா செத்துப்போனாள். எண்பதைத் தாண்டியவள், இதயம் ஏற்கெனவே பழுது. ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? பாடகி பூ அனுப்பினாள், கிழவி கிளம்பிவிட்டாள் என்று சந்தையில் பேசினார்கள். சாவுச் செய்தி தேசாவுக்கு வரவில்லை. யாரோ இசைக்காரன் சொல்லித்தான் தெரிந்தது, அதற்குள் நாற்பதாம் நாள் சடங்கும் முடிந்திருந்தது.

அடுத்த ஜூர்ஜிட்ஸுக்கு தேசா காலையிலேயே உடுத்திக்கொண்டு பெல்கிரேடில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை என்று தெரியாதவள் அல்ல. ஆனால் சாவுப் பூ அனுப்பியவள் எந்த முகத்தோடு போய் நிற்பாள்? வா என்று ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று நினைத்தாள். வரவில்லை. அதற்கடுத்த வருடமும் உட்கார்ந்தாள். பிறகு உடுத்திக்கொள்வதை விட்டுவிட்டாள், அந்த நாளில் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பதை மட்டும் விடவில்லை.

அதன்பிறகு அவளுடைய தொழில் போன போக்கைச் சொல்ல அதிக நேரம் ஆகாது, அதற்கு ஆனதும் அதிக நேரமில்லை. ஒரு டிரம்ஸ்காரனைக் கட்டினாள், அவன் ஸ்வீடனுக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டான். தொண்ணூறுகள் வந்தன. நாடு துண்டு துண்டானது, அவள் மூன்றாம் பரிசு வாங்கிய கடற்கரை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. காலையில் கிடைத்த சம்பளத்துக்கு மாலையில் முட்டை வாங்க முடியாத காலம். பட்டாளத்துக்குப் போகிற பையன்களை வழியனுப்பும் கூடாரங்களில், தனக்கு ஒருபோதும் பிடிக்காத பாட்டுகளையும் பாடினாள். கடைசியில் வர்ன்யாச்கா பான்யாவில், வெந்நீர் ஊற்றுக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் ஓட்டல் ஒன்றில் நிலைத்தாள். மூட்டுவலிக்காரர்கள் மாலையில் காபி ஹாலில் கொஞ்சம் ஆடுவார்கள், அவர்களுக்குப் பாட வேண்டும். அதை அவள் கேவலமாக நினைத்ததே இல்லை. இந்த ஜோடிகளில் பாதிப் பேர் என் பாட்டுக்கு முதல் தடவை கைகோத்தவர்கள், இப்போது ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொள்ள வருகிறார்கள் என்பாள்.

குரல்தான் துரோகம் செய்தது. மேலே ஏறும் குரல் ஒவ்வொரு வருடமும் ஒரு படி இறங்கியது. கீபோர்டு வாசிக்கிற மிஷா, தேசா அக்கா, இதற்கு மேல் சுருதியை இறக்கினால் ஓட்டலின் நிலவறைக்குப் போய்த்தான் வாசிக்க வேண்டும் என்று கிண்டல் செய்வான். அவளும் சிரிப்பாள். ஆனால் "பெகேய் பாலத்தில் மழை" பாட்டை யாராவது கேட்டால் மட்டும் தொண்டை சரியில்லை என்று தட்டிக்கழிப்பாள்.

போன அக்டோபரில் நாற்பது வயதுக்காரி ஒருத்தி தன் மாமியாரை வைத்தியத்துக்குக் கூட்டிக்கொண்டு அந்த ஓட்டலுக்கு வந்தாள். பாட்டு முடிந்து தேசா லிண்டன் பூத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நேரே வந்து எதிரில் உட்கார்ந்தாள். லாஸாவின் அகன்ற நெற்றி அப்படியே இருந்தது.

"கூமா, எனக்குப் பேர் வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

தேசா கோப்பையைக் கீழே வைக்க மறந்தாள். இஸ்க்ரா அதை வாங்கி மேஜை மேல் வைத்தாள். அப்பா போய் ஆறு வருடமாயிற்று, பேக்கரியை விற்றாயிற்று, அம்மா நன்றாக இருக்கிறாள், ஸ்லாவாவை அவளே நடத்துகிறாள் என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியில் நீங்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டாள்.

"உங்கம்மா கூப்பிடலியேம்மா" என்றாள் தேசா. சொன்ன பிறகு அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவளுக்கே உறைத்தது.

இஸ்க்ரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஸ்லாவாவுக்கா? பான்யா தண்ணியைக் குடிச்சு நம்ம வழக்கமெல்லாம் மறந்துபோச்சா? எங்க வீட்டுல உங்களைப் பத்திப் பேச்சே கிடையாது, அது நிஜம். யாராவது ஆரம்பிச்சா அம்மா எழுந்து போயிடுவா. ஆனா ரேடியோல உங்க பாட்டு வந்தா நிறுத்தவும் மாட்டா. நான் கூமான்னு சொல்லிக்க வேற யார் இருக்கா எனக்கு? அதை மட்டும் யோசிங்க."

தேசா யோசித்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த வாசலில் யெலிட்ஸா முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதற்குப் பிறகு நினைத்துப் பார்க்க அந்தச் சாப்பாட்டு மேஜைகூட மிஞ்சாது. போகாமல் இருந்தால் அதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம். நவம்பர் பதினைந்து வரை இப்படி முன்னும் பின்னுமாகவே கழிந்தது. பதினாறாம் தேதி விடிவதற்குள் பேருந்து நிலையத்தில் நின்றாள்.

ஸ்ரெஞானினில் இறங்கியதும் நேரே பூக்கடை. வெள்ளை சாமந்தியைத் தொடவே இல்லை, அது கல்லறைப் பூ. ரோஜா கேட்டாள். கடைக்காரப் பெண் எண்ணிக் கட்டினாள். தேசா கட்டை அவிழ்க்கச் சொல்லித் தானே எண்ணினாள். வெளியே வந்து பெகேய் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று மறுபடியும் எண்ணினாள். ஒற்றைப்படைதான். ஆற்றில் தண்ணீர் குறைந்து, பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்ட காபிக் கடை ஒன்று வந்திருந்தது. காலுறை ஆலையின் புகைபோக்கியைக் காணவில்லை. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

கதவு திறந்திருந்தது. உள்ளே மெழுகுவர்த்தி வாசனை, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி வேகவைத்த கறியின் வாசனை, பேச்சுச் சத்தம். நடையில் யெலிட்ஸா நின்றிருந்தாள். வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்கிற இனிப்புக் கோதுமைத் தட்டு அவள் கையில். தலை முழுக்க வெள்ளை, உடம்பு இரண்டு மடங்கு. தேசாவைப் பார்த்ததும் தட்டு கொஞ்சமும் அசையவில்லை.

தேசா சிலுவைக்குறி போட்டு ஒரு கரண்டி கோதுமையை வாயில் போட்டுக்கொண்டாள். ஸ்லாவா வாழ்த்து சொல்லி ரோஜாக்களை நீட்டினாள். யெலிட்ஸா தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு அவற்றை வாங்கி, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, உதடு அசைய எண்ணினாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"யெலிட்ஸா, அன்னிக்கு நான் வேணும்னு பண்ணலைடி. அந்த ஒரு பூ..."

"உன் தலையில இருந்துது. வலது காதுக்கு மேல."

யெலிட்ஸா ரோஜாக்களைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அன்னிக்கு ராத்திரியே டிவியில பாத்தேன். நாங்க எல்லாரும்தான் பாத்தோம். பெர்ஸாதான் முதல்ல கண்டுபிடிச்சா. ஏய், காணாமப்போன பூ அங்க பாடிக்கிட்டிருக்கு பாருங்கன்னு சொல்லி, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா."

"அப்புறம் ஏன்டி?" என்றாள் தேசா. முப்பது வருடத்துக்கு மேல் மனதில் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எதற்கும் இப்போது வேலை இல்லாமல் போயிற்று.

"பூவை யார் கேட்டா? பூ வந்துது, நீ வரலை. சரி, வேலைன்னு நினைச்சேன். லாஸாவுக்குத்தான் கோபம், போனை வெச்சது அவன். அடுத்த வருஷம் வருவே, ரெண்டு திட்டு திட்டலாம்னு இருந்தேன். ரொட்டியைக் கையில வெச்சுக்கிட்டு இருட்டற வரைக்கும் பிய்க்காம உக்காந்திருந்தோம். நீ அப்பவும் வரலை. கூமா இல்லாத ரொட்டியைப் பக்கத்து வீட்டுக்காரன் வந்து பிடிச்சான்."

தேசா அழுதாள். தொலைபேசிக்குப் பக்கத்தில் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். இங்கே ரொட்டியோடு இவர்கள், அங்கே தொலைபேசியோடு அவள், நடுவில் ஒரு மணி நேரப் பயணம். யெலிட்ஸா தன் சமையல் மேலங்கியின் நுனியால் தேசாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, உள்ளே வா, சூப் ஆறுகிறது என்றாள்.

மேஜையில் அந்த வருடத்து ரொட்டி இன்னும் பிய்க்காமல் இருந்தது. கடையில் வாங்கியது, புறா இல்லை, பூ மட்டும் இருந்தது. யெலிட்ஸா ஒரு பக்கம், தேசா மறுபக்கம் பிடித்துச் சுற்றினார்கள். இஸ்க்ரா ஒயின் ஊற்றும்போது பாதியை மேஜைவிரிப்பில் ஊற்றினாள், யாரும் அவளைத் திட்டவில்லை.

சாப்பாடு முடிந்து ராக்கியா என்ற பழச் சாராயம் ஒரு சுற்று வந்ததும் விருந்தாளிகளில் ஒருவர், மஞ்சள் கவுன் காலத்து ஆள், அந்த மழைப் பாட்டைக் கேட்டார். தேசா தொண்டையைத் தொட்டுக் காட்டி மறுத்தாள். மேலே போக வரவில்லை, போய்விட்டது என்றாள். எல்லோர் முன்னாலும் அதை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

யெலிட்ஸா அழுக்குத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தட்டுகளைக் கீழே வைக்காமலேயே பாட ஆரம்பித்தாள். அவளுடைய இரண்டாங்குரலை அல்ல, தேசாவின் முதல் குரலை. ஆட்டமான குரல், ஒன்றிரண்டு இடத்தில் பிசகியது, ஆனாலும் மேலே ஏறியது. பல்லவி முடிகிற இடத்துக்கு வந்து கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்தினாள். அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் காதில் சாக்ஸபோன்தான் வந்திருக்கும். தேசா கீழே இறங்கி, காலுறை ஆலையில் பக்கத்து இயந்திரத்திலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த அந்தப் பதிலைப் பாடினாள். அவளுக்கு இப்போது மிச்சமிருந்த குரல் அந்த இடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் மஞ்சள் கவுன் காலத்து ஆள் மூக்கைச் சிந்தினார். யெலிட்ஸா தட்டுகளோடு சமையலறைப் பக்கம் நடந்தாள். வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"ரெண்டாங்குரல் சுமார்தான். அடுத்த வருஷம் வந்து சரி பண்ணு. நான் கூப்பிட மாட்டேன், தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள் தேசா.